முதலில் பட்டை, பிறகு அபராதம்

நாயின் காது மடலைப் புரட்டினால் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த உண்ணிதான். பசியோடு இருக்கும்போது எள் போலத் தட்டையாக, பழுப்பாக இருக்கும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை போல ஊதிவிடும். நம் ஊரில் அதைப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் கிழக்கில், பழங்குடியினருக்கென ஒதுக்கிய ‘ரிசர்வேஷன்’ நிலப்பகுதிகளில், இதே பழுப்பு நாய் உண்ணி பிள்ளைகளின் உயிரை எடுத்திருக்கிறது. நாய் வளர்ப்பு விதி என்றால் குரைப்பது, கடிப்பது, குப்பையைக் கிளறுவது என்ற அளவில்தான் பொதுவாகப் பேசுவார்கள். அங்கே அது காய்ச்சலில் இருந்து தொடங்குகிறது.

காய்ச்சலின் பெயர் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல். அதை உண்ணிதான் பரப்புகிறது என்று 1906இல் மொன்டானாவில் நிரூபித்தவர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ். கிருமிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அவர் 1910இல் மெக்சிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில் அதே நோய் தொற்றி இறந்தார். பெயரில் ராக்கி மலை இருந்தாலும் இன்று அமெரிக்காவில் இந்தக் காய்ச்சல் அதிகம் பதிவாவது வட கரோலினா, டென்னசி, ஆர்கன்சா பக்கம். அங்கெல்லாம் பரப்புவது புல்வெளியிலும் காட்டோரத்திலும் ஒட்டும் வேறு வகை உண்ணிகள். வறண்ட கிழக்கு அரிசோனாவில் அவை அரிது. அதனால் அங்கே இந்தக் காய்ச்சல் வரும் என்று எந்த மருத்துவரும் எதிர்பார்க்கவில்லை. 2002க்கும் 2004க்கும் இடையில் 16 பேர் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். அவர்களில் 13 பேர் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். 2 பேர் இறந்தார்கள். வீட்டு முற்றத்தைப் போய்ப் பார்த்தபோது கிடைத்தது பழுப்பு நாய் உண்ணி, அதுவும் சுவரெங்கும். உண்ணி கடித்தது நினைவிருக்கிறது என்று சொன்னவர்கள் 16 பேரில் நாலே பேர். நாயைத் தொட்டு விளையாடுவதும் முற்றத்தில் உட்காருவதும் போதுமானதாக இருந்திருக்கிறது.

2003 முதல் 2012 வரை அரிசோனாவின் பழங்குடி மக்களிடையே 250க்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் பதிவானது. 19 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் பிற பகுதிகளில் மருந்து கிடைத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை என்ற நோய்க்கு இது மிக அதிகம். இரண்டு ரிசர்வேஷன்களில் மட்டும் 2002 முதல் 2011 வரை ஏற்பட்ட இழப்பை, மருத்துவச் செலவும் இழந்த வேலையும் அகால மரணமும் சேர்த்து, 1.32 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு, நாய்க்கு மாட்டும் உண்ணிக்கொல்லிக் கழுத்துப் பட்டை ஒன்றின் விலை சில பத்து டாலர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உண்ணியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாமல் எழுதிய நாய்ச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான். இந்த உண்ணிக்கு முட்டைக்குப் பிறகு மூன்று பருவம்: ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி. மூன்றுக்கும் பிடித்த உணவு நாயின் இரத்தம். ஒவ்வொரு பருவத்திலும் சில நாள் குடித்துவிட்டு நாயிலிருந்து உதிரும், எங்காவது ஒளிந்து தோலுரிக்கும், அடுத்த பருவத்தில் மறுபடி நாயைத் தேடி ஏறும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். வெயில் காலத்தில் இந்தச் சுற்று முழுவதும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். நாய்மேல் நாம் பார்ப்பது ஒரு பகுதிதான். மீதி எல்லாம் சுவர் விரிசலில், தாழ்வாரப் பலகைக்கு அடியில், வாசலில் போட்டிருக்கும் பழைய சோபாவின் பஞ்சுக்குள், நாய் தோண்டிப் படுக்கும் வீட்டடிப் பள்ளத்தில் இருக்கின்றன. இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. புல்லை வெட்டிவிட்டுச் சுவரை மறந்தவர்கள் தோற்பது அதனால்தான். முதிர்ந்த உண்ணி உணவே இல்லாமல் பல மாதம் காத்திருக்கும். நாய்களை அள்ளிக்கொண்டு போனால் பிரச்சினை தீரும் என்பவர்களுக்கு இதுதான் பதில். நாய் போய்விட்டால் சுவரில் பசியோடு இருக்கும் உண்ணிகள் எங்கே போகும்? தரையில் தவழும் குழந்தையிடம் போகும்.

2012இல் கிழக்கு அரிசோனாவில் சுமார் 600 வீடுகள் கொண்ட ஒரு பழங்குடி ஊரில் இரண்டு ஆண்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. பெயர் ‘ரோடியோ’. மாடும் குதிரையும் வளர்க்கும் அந்த மக்களுக்கு, குதிரையையும் காளையையும் அடக்கிக் காட்டும் ரோடியோ போட்டி என்பது திருவிழா. ‘உண்ணி ஒழிப்பு இயக்கம்’ என்று பெயர் வைத்திருந்தால் இத்தனை கதவுகள் திறந்திருக்குமா என்பது சந்தேகமே. முதல் ஆண்டில் மூன்று வேலை நடந்தது. ஊரில் உள்ள எல்லா நாய்க்கும் நீண்ட நாள் வேலை செய்யும் உண்ணிப் பட்டை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு முற்றத்துக்கும் உண்ணிக்கொல்லி மருந்து. கூடவே கருத்தடையும் முறையாகக் கட்டிவைப்பதும் பற்றிய பேச்சு. ஐந்து மாதம் கழித்து அந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும்படி உண்ணி இருந்த நாய்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. திட்டம் இல்லாத ஊர்களில் நூற்றுக்கு 64. இரண்டாம் ஆண்டில் மருந்தடிப்பை நிறுத்திப் பட்டையை மட்டும் தொடர்ந்தார்கள். அப்போதும் ஆண்டு முடிவில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டவில்லை. நாய்மேல் மட்டும் எண்ணினால் ஏமாந்துவிடுவோம் என்பதால் முற்றத்திலும் பொறி வைத்தார்கள். இந்த வகைப் பொறி எளிமையானது. உலர் பனிக்கட்டியிலிருந்து கசியும் கரியமில வாயுவை மூச்சுக்காற்று என்று நம்பி உண்ணி ஊர்ந்து வரும். ஓரத்தில் இருக்கும் பசைப் பட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தத் திட்டத்தில் சட்டப்படி யாரையும் மிரட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொருள் முதலில் வாசலுக்கு வந்தது. கால்நடை மருத்துவரைப் பார்க்க நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டிய ஊரில் ‘தடுப்பூசிச் சான்று இல்லாத நாய்க்கு அபராதம்’ என்று எழுதுவது வறுமைக்கு அபராதம் போடுவதற்குச் சமம். பழங்குடி மக்களின் உடல்நலத்துக்கு அமெரிக்க அரசின் இந்திய சுகாதாரத் துறை (அங்கே பழங்குடியினரைச் சட்டமொழியில் ‘இந்தியர்’ என்பார்கள்) பொறுப்பேற்கிறது. நாய் கடித்தவருக்கு ஊசி போடும், சுற்றுச்சூழல் அலுவலர்களை அனுப்பும். ஆனால் நாய்க்கு மருத்துவம் பார்ப்பது அதன் வேலையில் இல்லை. நாயிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்க்கு ஆஸ்பத்திரி கட்டுவார்கள்; நாய்க்குச் சில டாலர் ஊசி போட ஆள் வைக்க மாட்டார்கள். இந்த ஓட்டையைத்தான் ஒவ்வொரு பழங்குடி அரசும் தன் பணத்தாலோ, நன்கொடையாலோ, நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்ய வந்துபோகும் வண்டிகளாலோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

பட்டையைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. எட்டு மாதம் வேலை செய்யும் வகையில் இமிடாக்ளோபிரிட், ஃப்ளூமெத்ரின் என்ற இரண்டு மருந்துகள் மெல்ல மெல்லத் தோலின் எண்ணெயில் பரவும். எட்டுக் கிலோவுக்குக் கீழே ஓர் அளவு, மேலே ஓர் அளவு. ஏழு வாரம் ஆகாத குட்டிக்குப் போடக்கூடாது. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தொளதொளவென்று மாட்டினால் மருந்து தோலைத் தொடாது, முள்வேலியில் சிக்கி அறுந்தும் போகும். இறுக்கினால் புண். வளையத்தைத் தாண்டி நீளும் வாலை இரண்டரை சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூட விளையாடும் நாய் கடித்து இழுத்துவிடும். வளரும் குட்டிக்குப் போட்ட பட்டையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தளர்த்தியே ஆக வேண்டும். இதை மறந்தால் மூன்று மாதத்தில் பட்டை சதைக்குள் புதைந்துவிடும். அப்படி ஒரு நாயைப் பார்த்த ஊர் அடுத்த வருடம் பட்டையை வாங்காது. அடிக்கடி ஷாம்பு போட்டால் மருந்தின் ஆயுள் குறையும். பட்டை மாட்டிய மறுநாளே உண்ணி தெரிகிறதே என்று சிலர் கழற்றி வீசுவார்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்த உண்ணி சாக இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதை மாட்டும்போதே சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முற்றத்துக்கு மருந்தடிப்பதில் பொதுவான தவறு, நடுமுற்றத்தை நனைத்துவிட்டு ஓரத்தை விடுவது. அடிக்க வேண்டிய இடங்கள்: வீட்டின் அடிச்சுவர் சுற்றிலும் இடுப்பளவு உயரம் வரை, படிக்கட்டின் அடிப்பக்கம், நாய்க் குடில் உள்ளும் வெளியும், வேலிக் கம்பங்கள், மரத்தின் அடி, நாய் வழக்கமாகப் படுக்கும் குழி. அதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் சோபாவையும் மெத்தையையும் அப்புறப்படுத்த வேண்டும். அவை இருக்கும்வரை மருந்து உள்ளே எட்டாது. குப்பை வண்டி வராத ஊரில் ‘சோபாவை அகற்று’ என்பதும் வெறும் வாய்வார்த்தை. திட்டத்தின் செலவுக் கணக்கில் ஒரு லாரி வாடகையும் இருக்க வேண்டும். மருந்து முட்டையைக் கொல்லாது, அதனால்தான் மாதம் ஒருமுறை திரும்ப அடிப்பது. காயும்வரை பிள்ளைகளும் நாய்களும் வெளியே நிற்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனை மேல் போடவே கூடாது. வலிப்பு வந்து செத்துப்போகும். மேலும் அமெரிக்காவின் சில இடங்களில் பழுப்பு நாய் உண்ணி பெர்மெத்ரினுக்கு அசராமல் பழகிவிட்டது. மருந்து வாங்கும் பொறுப்பில் இருப்பவர் ஆண்டுக்கு ஆண்டு அதே டப்பாவை வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி சட்டத்துக்கு வருவோம். ரிசர்வேஷனுக்குள் மாநிலத்தின் நாய்ச் சட்டம் பொதுவாகச் செல்லாது. அங்கே சட்டம் எழுதுவது பழங்குடி மன்றம், விசாரிப்பது பழங்குடி நீதிமன்றம். ஆனால் அந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. ஒலிஃபன்ட் வழக்கில் 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பழங்குடி நீதிமன்றம் பழங்குடி அல்லாதவர் மீது குற்ற வழக்கு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது. ரிசர்வேஷனுக்குள் பள்ளி ஆசிரியர்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் என்று வெளியாட்கள் பலர் குடியிருக்கிறார்கள். நாய்ச் சட்டத்தில் தண்டனையைச் சிறை, குற்றம் என்ற மொழியில் மட்டும் எழுதினால் அவர்களுடைய நாய் சட்டத்துக்கு வெளியே நின்று குரைக்கும். எனவே உரிமத்தை ரத்து செய்தல், நாயைப் பறிமுதல் செய்தல், அபராதம், வீட்டு ஒப்பந்தத்தை மீறியதற்கான நடவடிக்கை என்று உரிமையியல் வழியில் எழுதுவதே பயனுள்ளது. 1968ஆம் ஆண்டின் இந்தியர் குடிமை உரிமைகள் சட்டம் பழங்குடி அரசுகளையும் நியாயமான நடைமுறைக்குக் கட்டுப்படுத்துகிறது. நாய் ஒருவருடைய சொத்து. எழுத்தில் அறிவிப்பும் விசாரணைக்கு வாய்ப்பும் கொடுக்காமல் அதைக் கொன்றால் வழக்கு திரும்பி வரும்.

சட்டத்தின் உயிர் ‘உரிமையாளர் யார்’ என்ற வரையறையில் இருக்கிறது. ரிசர்வேஷனில் பாதி நாய்கள் ஒருவருக்குச் சொந்தம், ஆனால் ஊரெல்லாம் சாப்பிடும். மீதி எல்லோருக்கும் சொந்தம். ‘ரெஸ் டாக்’ (ரிசர்வேஷன் நாய்) என்று பாதி செல்லமாகவும் பாதி சலிப்பாகவும் சொல்லப்படும் அந்த நாய்க்கு உரிமையாளர் யார் என்று கேட்டால் மூன்று வீடுகள் ஒன்றையொன்று கை காட்டும். ‘தொடர்ந்து இத்தனை நாள் உணவோ இடமோ கொடுத்தவர் உரிமையாளர்’ என்று பல சட்டங்கள் எழுதுகின்றன. அந்த நாளை மூன்று என்று வைத்தால் என்ன ஆகும்? அபராதத்துக்குப் பயந்து சோறு போடுவதை நிறுத்துவார்கள். பசித்த நாய் கூட்டம் சேரும், கன்றைத் துரத்தும். என் கணக்கில் முப்பது நாளுக்குக் குறையக்கூடாது. அதோடு, ஊர் நாயைத் தடுப்பூசிக்குப் பிடித்துக்கொண்டு வருபவர் அதனாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால் தடுப்பூசி முகாமுக்கு நாயில்லாமல் வெறும் கையோடு வருபவர்கள் நிறைய.

வீட்டுக்கு எத்தனை நாய் என்ற கட்டுப்பாடு முதலில் வருவது பெரும்பாலும் சட்டத்தில் அல்ல, பழங்குடி வீட்டு வசதி வாரியத்தின் வாடகை ஒப்பந்தத்தில். இரண்டு என்றோ மூன்று என்றோ எண் இருக்கும். எண்ணை மட்டும் வைத்துவிட்டால் மூன்றாவது நாயை மறைத்துவைப்பார்கள். மறைத்த நாய்க்குப் பட்டையும் கிடையாது, ஊசியும் கிடையாது. கருத்தடை செய்த நாயை எண்ணில் சேர்க்காமல் விடலாம் என்பது நல்ல வழி.

ஆட்டு மந்தையோடு இருக்கும் நாய்க்குத் தனி விதி வேண்டும். அரிசோனாவின் வடகிழக்கிலும் நியூ மெக்சிகோவிலும் யூட்டாவிலும் சேர்ந்து சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் நவஹோ நாட்டில், கலப்பு இன நாய்களைக் குட்டியிலிருந்தே ஆட்டுப் பட்டியில் விட்டு வளர்க்கிறார்கள். அவை ஆடுகளையே குடும்பமாக நினைத்து, கயோட்டிகள் என்ற சிறு ஓநாய்கள் வந்தால் முன்னால் நிற்கும். வெளியாளின் கண்ணுக்கு அது சங்கிலி இல்லாமல் திரியும் தெருநாய். ‘கட்டில்லாத நாயைப் பிடிக்கலாம்’ என்று ஒரே வரியில் எழுதிய விதி அதன் வேலையைப் பறித்துவிடும். மந்தையோடு இருக்கும்போது கட்டு வேண்டாம், ஆனால் தடுப்பூசியும் அடையாளத் தகடும் வேண்டும் என்று பிரித்து எழுத வேண்டும்.

கட்டிவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே இடத்தில் குட்டைச் சங்கிலியில் ஆண்டுக்கணக்காகக் கட்டிய நாயின் அடியில் உண்ணிப் பண்ணைதான் வளரும். குடித்து உதிர்வதும் மறுபடி ஏறுவதும் அதே மூன்றடி மண்ணில் நடக்கிறது. முள்வேலி போட வசதியில்லாத வீட்டுக்கு ஓடுகம்பி நல்லது: இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கம்பி, அதில் ஓடும் வளையம், வளையத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் கயிறு, கயிற்றின் இரு முனையிலும் சுழலும் கொக்கி. கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் தடுப்பு வைக்காவிட்டால் நாய் கம்பத்தைச் சுற்றிக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். தண்ணீரும் நிழலும் கம்பியின் எந்த முனையிலிருந்தும் எட்ட வேண்டும். அங்கே கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும். பருவத்துக்கு வந்த பெட்டை நாயைக் கட்டிவைப்பது மட்டும் எதையும் தடுக்காது. அது ஓட முடியாது, மற்றவை வரும்.

அதனால் கருத்தடை. பெட்டைக்கு முதல் பருவம் ஆறு மாதத்தை ஒட்டி வரும், கர்ப்பம் சுமார் 63 நாள். அறுவை வண்டி வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் நாலைந்து மாதக் குட்டியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்றால் அடுத்த முறை ஏழு நாய்களுக்குச் செய்ய வேண்டியிருக்கும். வெளியே வாழும் நாயைப் பத்து நாள் வீட்டுக்குள் வைத்துத் தையலைப் பாதுகாக்கச் சொல்வது நடக்காத காரியம் என்பதால், உள்ளே கரைந்துபோகும் நூலால் தோலுக்கு அடியில் தைப்பார்கள். வயிற்றில் சின்னதாகப் பச்சைக் கோடு ஒன்று குத்துவார்கள். இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்து வேறொரு மருத்துவர், கருப்பையைத் தேடி அதே வயிற்றை மறுபடி திறப்பார். இந்தியாவில் தெருநாய்க்குக் காது நுனியில் வெட்டு வைப்பதும் இதே காரணத்துக்காக.

ரேபிஸ் விஷயத்தில் விதிகள் தெளிவானவை. நாயிலிருந்து நாய்க்குப் பரவும் ரேபிஸ் வகை அமெரிக்காவில் இல்லை என்று 2007இல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் அரிசோனாவில் வௌவால், நரி, நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கு மூன்றிலும் அது இருக்கிறது. கட்டில்லாமல் திரியும் நாய் இந்த மூன்றையும் சந்திக்கும். மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டு கழித்து மறு ஊசி, பிறகு மருந்தின் சீட்டில் உள்ளபடி. முதல் ஊசி போட்டு 28 நாள் ஆன பிறகே நாய்க்குப் பாதுகாப்பு உண்டு என்று கணக்கு. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் பிக்கப் வண்டியில் கெட்டுப்போவதை எல்லோரும் நினைத்துப் பயப்படுவார்கள். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்து கெடுவதை யாரும் நினைப்பதில்லை. நடுவில் ஒரு துண்டுத் துணி போதும்.

நாய் மனிதரைக் கடித்தால் பத்து நாள் அடைத்துவைத்துப் பார்க்க வேண்டும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்புதான் கிருமி எச்சிலில் வரும். பத்தாம் நாள் நாய் நலமாக இருந்தால் கடித்த அன்று எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். கிராமப்புறத்தில் நடக்கும் பெரிய தவறு, கோபத்தில் நாயின் தலையில் சுடுவது. ரேபிஸ் சோதனைக்கு மூளைதான் வேண்டும். தலை சிதறினால் சோதனை இல்லை, கடிபட்டவர் முழு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தலையை உறையவிடாமல் குளிர்ச்சியாக வைத்து அனுப்ப வேண்டும் என்பதைச் சட்டத்தின் பின்னிணைப்பில் அல்ல, காவலரின் சட்டைப்பையில் இருக்கும் அட்டையில் அச்சிட வேண்டும். கடிபட்டவர் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

மாட்டைத் துரத்தும் நாயைச் சுடும் உரிமை மாட்டுக்காரருக்கு உண்டு என்று பல சட்டங்கள் ஒப்புக்கொள்கின்றன. துரத்தும்போது மட்டும் என்று நேரத்தைக் கட்டாவிட்டால் அது பழைய பகை தீர்க்கும் விதியாகிவிடும்.

பிடித்த நாய்களுக்கான ‘பவுண்ட்’ என்ற காப்பகத்தில் அடைத்த நாயை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில் மூன்று முதல் ஐந்து நாள் வழக்கம். தொலைபேசி எட்டாத மலைப்பக்க வீட்டுக்காரர் நாய் காணோம் என்று உணரவே மூன்று நாள் ஆகும். தகடு உள்ள நாய்க்கு ஒரு காலம், இல்லாத நாய்க்குக் குறைந்த காலம் என்று இரண்டாகப் பிரித்தால் தகட்டுக்கும் ஒரு மதிப்பு வரும். அபராதச் சீட்டில் ‘முப்பது நாளுக்குள் ஊசிச் சான்றோடு வந்தால் தொகை இல்லை’ என்று எழுதுவது, தொகையை இரட்டிப்பாக்குவதைவிட அதிக ஊசிகளைப் போட வைக்கும். பக்கத்து நகரங்களிலிருந்து வேண்டாத குட்டிகளைக் கொண்டுவந்து ரிசர்வேஷன் சாலையோரத்தில் விட்டுப்போகும் வெளியாட்களுக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். அவர்கள் விட்டுப்போன நாய்க்கும் சேர்த்துத்தான் ரிசர்வேஷனின் பெயர் கெடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நாய்ப் பிடிப்பவரும் மருத்துவமனையும் பேசிக்கொள்ள வேண்டும். உண்ணி கடித்து 3 முதல் 12 நாளில் காய்ச்சலும் தலைவலியும் வரும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் புள்ளி தெரிய இன்னும் இரண்டு முதல் நாலு நாள் ஆகும். சிலருக்குத் தெரியவே தெரியாது. முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும். புள்ளிக்கோ பரிசோதனைக்கோ காத்திருந்தால் பிள்ளை போய்விடும். ஐந்தாம் நாளைத் தாண்டி மருந்து தொடங்கியவர்களில்தான் இறப்பு ஏறுகிறது. மருந்து டாக்சிசைக்ளின்: 45 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 2.2 மில்லிகிராம், பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், இரண்டுக்கும் நாளுக்கு இரண்டு வேளை. பிள்ளைகளின் பல் கறையாகும் என்ற பழைய பயம் டெட்ராசைக்ளின் காலத்து மிச்சம். சிறு வயதில் டாக்சிசைக்ளின் எடுத்த 58 ரிசர்வேஷன் பிள்ளைகளின் பற்களைப் பின்னர் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அந்தக் கறை இல்லை. நம் செய்தித்தாள்களில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வருவது பெரும்பாலும் ஸ்கரப் டைபஸ், வேறு கிருமி, பரப்புவதும் நாய் உண்ணி அல்ல, கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு. ஆனால் அதற்கும் மருந்து இதே டாக்சிசைக்ளின்தான், இதே அவசரம்தான்.

ஒரு பிள்ளைக்கு உறுதியானால் அந்த வீட்டைச் சுற்றியுள்ள எல்லா முற்றத்திலும் அதே வாரத்தில் நாய்களைப் பார்க்க வேண்டும். நோயாளியின் பெயரை நாய்ப் பிடிப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை, தெரு போதும். இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கினால் அதன் உடல் நீரே தொற்றைத் தரும்.

பட்டையை மார்ச்சில் மாட்டினால் நவம்பர் வரை வரும். மழைக்காலத்தை ஒட்டிக் காய்ச்சல் கூடும் மாதங்களை அது மூடிவிடும். ஆனால் மருந்து தீர்ந்த பட்டையும் கழுத்தில் அப்படியே இருக்கும், பார்க்கப் புதிது போலவே இருக்கும். வீட்டுக்காரர் ‘போட்டிருக்கிறதே’ என்பார். பட்டையோடு ஒரு நிற நூலையும் கட்டிவிடுங்கள். இந்த வருடம் மஞ்சள் என்றால் அடுத்த வருடம் சிவப்பு. வண்டியை நிறுத்தாமலே தெருவில் எந்த நாய் போன வருடத்துப் பட்டையோடு திரிகிறது என்று தெரிந்துவிடும்.